அலெக்சாந்தர் வரலாறு: தொன்மைச் சான்றுகளும் அவற்றின் நம்பகத்தன்மையும்

மாசிடோனிய மன்னர் அலெக்சாந்தர் (கி.மு. 356–323) பற்றி எழுதப்பட்ட நூல்கள் எண்ணற்றவை. ஆனால் அவருடன் படையெடுப்பில் சென்று, கண்ணால் கண்டு எழுதியவர்களின் நூல்களில் ஒன்றுகூட இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்கால நூலாசிரியர்கள் எடுத்தாண்ட துணுக்குகளாக மட்டுமே அவை எஞ்சியுள்ளன. இன்று கையில் உள்ள தொடர்ச்சியான வரலாறுகள் ஐந்து. டியோடோரஸ், கர்ட்டியஸ் ரூஃபஸ், புளூட்டாக், அரியன், ஜஸ்டின் ஆகியோர் அவற்றை எழுதினர். இவற்றுள் காலத்தால் முந்தியது அலெக்சாந்தர் இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. மிகவும் நம்பத்தக்கது எனப் பெயர் பெற்ற அரியனின் நூல் ஏறத்தாழ 450 ஆண்டுகள் பிற்பட்டது.

ஐவருள் யாரை நம்புவது என்று கேட்பது வழக்கம். நெடுங்காலம் ஆய்வாளர்களும் அப்படியே கேட்டு, அரியனை ஒரு தட்டிலும் மற்றவர்களை மறு தட்டிலும் வைத்தனர். ஆனால் ஒவ்வொரு செய்தியும் எந்த நேரடிச் சாட்சியிடமிருந்து வந்தது, அவருக்கு அதில் என்ன நலன் இருந்தது என்று பார்ப்பதே அதிகப் பயன் தரும். அப்படிப் பார்க்கும்போது நல்லவர் எனப்பட்டவர் சில இடங்களில் சறுக்குகிறார். கதைகாரர் எனப்பட்டவர் சில இடங்களில் சரியாக இருக்கிறார்.

தொலைந்துபோன முதல் நூல்கள்

அலெக்சாந்தர் தம் வரலாற்றை எழுதுவதற்கென்றே ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். அவர் அரிஸ்டாட்டிலின் உறவினரான கல்லிஸ்தனிஸ். அவர் எழுதியது கிரேக்க நகரங்களை மனத்தில் வைத்து எழுதிய அரசவைச் செய்தி எனலாம். இன்றைய துருக்கியின் தென்கரையில் பம்ஃபீலியாக் கடலோரமாகப் படை சென்ற நிகழ்ச்சி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலே மன்னரை வணங்கி வழிவிட்டது என்ற பொருள்பட கல்லிஸ்தனிஸ் எழுதினார். அதே நிகழ்ச்சியை அரியன் சொல்லும்போது, தென்காற்று நின்று வடகாற்று வீசியதால் கரையோரப் பாதை திறந்தது என்றும், அதில் தெய்வச் செயல் இருப்பதாக மன்னரும் அவருடன் இருந்தோரும் கருதினர் என்றும் எழுதுகிறார். புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்வதோ வேறு: வீரர்கள் ஒரு பகல் முழுவதும் இடுப்பளவு நீரில் நடந்தார்களாம். அலெக்சாந்தரின் கடிதங்களில் இந்த அற்புதம் பற்றிப் பேச்சே இல்லை என்று புளூட்டாக் குறித்திருக்கிறார். இடுப்பளவு நீரில் நடந்த ஒரு நாள், அரசவை எழுத்தாளரின் கையில் கடல் வணங்கிய நாளாகிவிட்டது.

கல்லிஸ்தனிஸ் தம் வேலையை முடிக்கவில்லை. கி.மு. 327-இல் அரச ஏவலர்களின் சதி வழக்கில் சிக்கிக் கைதானார். அவர் எப்படி இறந்தார் என்பதில்தான் சாட்சிகளின் முரண்பாடு பளிச்சென்று தெரிகிறது. அவர் சித்திரவதை செய்யப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார் என்று தாலமி எழுதினார். விலங்கிடப்பட்டுப் படையுடன் கொண்டுசெல்லப்பட்டு நோயால் இறந்தார் என்று அரிஸ்டோபுலஸ் எழுதினார். ஏழு மாதம் சிறையில் இருந்து, உடல் பருத்து நோயுற்று இறந்தார் என்றார் அரசவை அதிகாரியான சாரெஸ். மூவரும் அந்தப் படையில் இருந்தவர்கள். உடனிருந்த நம்பகமான சாட்சிகளே எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி இப்படி மாறுபடுகிறார்களே என்று அரியனே வியந்து எழுதுகிறார். மன்னர் மீது கொலைப்பழி விழாத முடிவை அரிஸ்டோபுலஸ் சொல்வது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. கிரேக்க உலகில் பெரும் அவப்பெயர் தந்த சாவு அது.

மற்ற நேரடிச் சாட்சிகளுள் நியார்க்கஸ் சிந்து ஆற்று முகத்திலிருந்து பாரசீக வளைகுடா வரை கப்பற்படையை நடத்திச் சென்றவர். அவருடைய பயணக் குறிப்பை அரியன் தம் ‘இண்டிகா’ நூலில் விரிவாகப் பயன்படுத்தியதால் அதன் பெரும்பகுதி தப்பியது. ஒனெசிகிரிட்டஸ் மன்னரின் கப்பலுக்குச் சுக்கான் பிடித்தவர். ஆனால் தம்மைக் கப்பற்படைத் தலைவர் என்று எழுதிக்கொண்டார். அது பொய் என்று அரியன் நேராகவே சொல்லிவிடுகிறார். அமேசான் பெண்களின் அரசி அலெக்சாந்தரைச் சந்திக்க வந்தாள் என்ற கதையும் ஒனெசிகிரிட்டஸின் நூலில் இருந்தது. பிற்காலத்தில் அரசராகிவிட்ட லிசிமாக்கஸிடம் அவர் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது, அப்போது தாம் எங்கே இருந்தோமோ என்று லிசிமாக்கஸ் சிரித்தபடி கேட்டதாகப் புளூட்டாக் கூறுகிறார். லிசிமாக்கஸ் அந்தப் படையெடுப்பில் மன்னரின் மெய்க்காவலர்களுள் ஒருவர்.

இவர்களிலிருந்து வேறுபட்டவர் கிளெய்ட்டார்க்கஸ். எகிப்தின் அலெக்சாந்திரியாவுடன் தொடர்புடையவர். படையெடுப்பில் கலந்துகொண்டதற்குச் சான்று இல்லை. திரும்பி வந்த வீரர்களிடம் கேட்டும், முன்னவர்களின் நூல்களைப் படித்தும் விறுவிறுப்பாக எழுதினார். பண்டைக் காலத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது இவருடைய நூல்தான். டியோடோரஸ், கர்ட்டியஸ், ஜஸ்டின் ஆகியோரிடம் ஒரே மாதிரியாகக் காணப்படும் கதைகளில் பெரும்பாலானவை இவரிடமிருந்து வந்தவை என்பது பொதுவான கருத்து. இந்த மரபை ஆய்வாளர்கள் ‘வல்கேட்’, அதாவது பொதுவழக்கு மரபு என்கின்றனர்.

அரியனும் தாலமியும்

அரியன் நிக்கோமீடியாவைச் சேர்ந்த கிரேக்கர். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கப்படோசியா மாநில ஆளுநராக இருந்தவர். படை நடத்திய அனுபவம் உள்ளவர். தாம் யாரைப் பின்பற்றுகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்வது அவருடைய சிறப்பு. தாலமி, அரிஸ்டோபுலஸ் ஆகிய இருவரும் ஒத்துப்போகும் இடத்தில் அதை உண்மை எனக் கொள்வதாகவும், மாறுபடும் இடத்தில் தகுந்ததைத் தேர்வதாகவும் கூறுகிறார். அவர்களை நம்புவதற்கு இரண்டு காரணம் சொல்கிறார். இருவரும் அலெக்சாந்தர் இறந்த பிறகு எழுதியவர்கள் என்பதால் அச்சமோ பரிசு ஆசையோ இல்லை என்பது ஒன்று. தாலமி பின்னாளில் அரசரானவர், அரசர் பொய் சொல்வது மற்றவர் பொய் சொல்வதைவிட இழிவு என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்தைப் படிக்கும் இன்றைய வாசகருக்குச் சிரிப்பு வரலாம். அரசர்களுக்குத்தான் பொய் சொல்லக் காரணங்கள் அதிகம். தாலமி அலெக்சாந்தரின் படைத்தலைவர்; அவர் இறந்தபின் எகிப்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அரச மரபையே நிறுவியவர்; அலெக்சாந்தரின் உடலையும் வழியிலேயே கைப்பற்றி எகிப்துக்குக் கொண்டுபோனவர். அப்படிப்பட்டவர் எழுதும் வரலாற்றில் அவருடைய எதிரிகள் எப்படித் தோன்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கி.மு. 335-இல் தீப்ஸ் நகரம் அழிக்கப்பட்டது. அலெக்சாந்தர் கட்டளையிடும் முன்பே பெர்டிக்கஸ் என்ற தளபதி தன்னிச்சையாகத் தாக்குதலைத் தொடங்கினார் என்பது தாலமி சொன்னதாக அரியன் தரும் செய்தி. டியோடோரஸ் எழுதுவதோ மன்னரே பெர்டிக்கஸை ஏவினார் என்று. இந்தப் பெர்டிக்கஸ்தான் மன்னரின் மறைவுக்குப் பின் தாலமிக்கு எதிராக எகிப்தின்மேல் படையெடுத்து வந்து, நைல் கரையில் தம் சொந்த அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டவர். கிரேக்க உலகமே அதிர்ந்த ஒரு பேரழிவுக்கு மூல காரணம் ஒழுங்கு மீறிய பெர்டிக்கஸ் என்று எழுதினால், பழைய மன்னரின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. எதிரியின் பெயரும் கெடுகிறது. தாலமி பொய்தான் சொன்னார் என்று இதைக் கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் இந்த இடத்தில் அவருடைய சொல்லை மட்டும் வைத்து எழுதுவது ஆபத்தானது.

பாரசீகத் தலைநகர் பெர்சப்பொலிஸ் கி.மு. 330-இல் எரிந்ததும் இப்படிப்பட்டதே. பாரசீகர் முன்பு ஏதென்சை எரித்ததற்குப் பழிவாங்கும் முடிவாக அரியன் அதைச் சுருக்கமாகச் சொல்லி, அது அறிவுடைய செயலாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும் சேர்க்கிறார். டியோடோரஸ், கர்ட்டியஸ், புளூட்டாக் ஆகியோரிடம் குடிவிருந்து ஒன்று வருகிறது. தாயிஸ் என்ற ஏதென்ஸ் நாட்டுக் கணிகை தூண்ட, மன்னர் தீப்பந்தம் ஏந்துகிறார். அரியன் நூலின் இந்தப் பகுதியில் தாயிஸ் இல்லவே இல்லை. தாயிஸ் தாலமியின் துணைவியாகி அவருக்குக் குழந்தைகளைப் பெற்றவள் என்பதை நினைவில் கொண்டால், அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று தோன்றும். குடிவிருந்துக் கதை கிளெய்ட்டார்க்கஸ் சேர்த்த சுவையாகவும் இருக்கலாம். 1930-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நிறுவனம் அங்கு நடத்திய அகழாய்வில் பெருந்தீயின் தடயங்கள் தெளிவாகக் கிடைத்தன. தீ எரிந்தது என்பதை மண் சொல்லும். யார் தூண்டினார் என்பதைச் சொல்லாது.

தாலமிக்குச் சாதகமான சாட்சியம் ஒன்றும் உண்டு. இன்றைய பஞ்சாபில் மல்லர்களின் கோட்டையில் அலெக்சாந்தர் நெஞ்சில் அம்பு பாய்ந்து சாகும் நிலைக்குப் போனார். அப்போது கேடயம் பிடித்து அவரைக் காப்பாற்றியவர் தாலமி என்றும், அதனால்தான் ‘சோட்டர்’ (காப்பவர்) என்ற பட்டம் அவருக்கு வந்தது என்றும் ஒரு கதை பரவியிருந்தது. கிளெய்ட்டார்க்கஸ் அதை எழுதினார். தாலமி மரபினர் ஆண்ட எகிப்தில் அப்படி எழுதுவது நன்மை தரும். ஆனால் தாலமியோ தாம் அன்று அங்கு இல்லை, வேறு இடத்தில் போரிட்டுக்கொண்டிருந்தோம் என்று தம் நூலில் எழுதிவிட்டார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே மறுப்பவரின் சொல்லுக்கு அந்த இடத்தில் எடை அதிகம்.

அதே தாலமி, எகிப்தின் பாலைவனத்தில் சீவா சோலைக் கோயிலுக்குச் செல்லும் வழியில் இரண்டு பாம்புகள் பேசிக்கொண்டு படைக்கு வழிகாட்டின என்றும் எழுதியவர். அரிஸ்டோபுலஸ் அவற்றைக் காகங்கள் என்றார். திரும்பிய பாதையிலும் இருவரும் வேறுபட்டனர். எகிப்தின் அரசருக்கு எகிப்தியப் பாலையில் தெய்வ வழிகாட்டல் தேவைப்பட்டது போலும்.

எண்களும் களிமண் பலகைகளும்

கி.மு. 331 அக்டோபர் 1 அன்று காகமேலாவில் அலெக்சாந்தர் மூன்றாம் டாரியசைத் தோற்கடித்தார். டாரியசின் படையில் காலாட்கள் 10 லட்சம் என்கிறார் அரியன். டியோடோரஸ் 8 லட்சம், ஜஸ்டின் 4 லட்சம் என்கின்றனர். மேடைப்பேச்சு நடையில் எழுதுபவர், மிகைப்படுத்துபவர் என்று பெயரெடுத்த கர்ட்டியஸ் தருவது 2 லட்சம். இதுவும் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் உணவும் தண்ணீரும் கொண்டு ஒரு படையை நடத்துவதன் கடினத்தை நினைத்தால், ஐவரில் உண்மைக்கு அருகில் இருப்பவர் கர்ட்டியஸ். இறந்தவர் கணக்கிலும் அப்படியே. மாசிடோனியத் தரப்பில் சுமார் 100 பேர், எதிரணியில் 3 லட்சம் பேர் என்று அரியன் எழுதுகிறார். கர்ட்டியஸ் கணக்கில் மாசிடோனியர் 300-க்கும் குறைவு, பாரசீகர் 40,000.

இந்தப் போரைப் பற்றி வெற்றியாளர்களின் முகாமிலிருந்து வராத ஒரு சான்று கிடைத்திருக்கிறது. பாபிலோன் கோயில் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வானியல் நாட்குறிப்புகளைக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதிவந்தனர். கோள்களின் நிலை, தானிய விலை, ஆற்று நீர்மட்டம் ஆகியவற்றுடன் முக்கிய நிகழ்ச்சிகளும் அவற்றில் பதிவாயின. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அப்பலகைகளில் ஒன்று, போருக்குமுன் செப்டம்பர் 20 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறிக்கிறது. கிரேக்க நூல்களும் இதே கிரகணத்தைச் சொல்கின்றன. பாரசீகப் படை முகாமில் முன்னதாகவே பீதி ஏற்பட்டதையும் பலகை பதிவு செய்கிறது. போர் நாளில் படையினர் மன்னரைக் கைவிட்டுத் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர் என்று அறிஞர் பலர் அதன் சேதமடைந்த வரிகளை வாசிக்கின்றனர்.

அரியன் எழுதியது இதற்கு நேர்மாறானது: முதலில் ஓடியவர் டாரியஸ். அந்தக் காட்சிதான் பள்ளிப் பாடம் முதல் திரைப்படம் வரை நிலைத்துவிட்டது. டியோடோரசின் கதையிலோ அலெக்சாந்தர் எறிந்த ஈட்டி டாரியசின் தேரோட்டியை வீழ்த்துகிறது. மன்னரே விழுந்தார் என்று நினைத்த படை சிதறத் தொடங்குகிறது. பிறகே டாரியஸ் ஓடுகிறார். பொதுவழக்கு மரபு என்று ஒதுக்கப்பட்ட நூல் இங்கே களிமண் பலகைக்கு நெருங்கி வருகிறது. பலகை எழுதியவருக்கு டாரியசின் வீரத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சில வாரங்களில் பாபிலோன் அலெக்சாந்தரின் கைக்கு வந்துவிட்டது.

ஜீலம் ஆற்றுப் போர்

கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரசுடன் நடந்த போரைப் பற்றிச் சமகால இந்திய நூல் எதிலும் குறிப்பு இல்லை. ஆகவே முழுக்க ஒரு தரப்பின் எழுத்தையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. அந்த ஒரு தரப்புக்குள்ளும் ஒற்றுமை இல்லை. போரசிடம் இருந்த யானைகள் அரியனிடம் 200, டியோடோரசிடம் 130, கர்ட்டியசிடம் 85. அலெக்சாந்தர் ஆற்றைக் கடந்ததும் எதிர்க்க வந்த போரசின் மகனுடன் 60 தேர்கள் வந்தன என்றார் அரிஸ்டோபுலஸ். 2,000 குதிரைவீரரும் 120 தேர்களும் என்றார் தாலமி. மன்னரின் குதிரை புசெபாலஸ் போர்க் காயத்தால் இறந்தது என்பது ஒரு கூற்று. முதுமையால் இறந்தது என்பது மற்றொன்று.

அலெக்சாந்தரும் போரசும் தனித்து மோதினர் என்ற செய்தி ஜஸ்டினிடம் வருகிறது. அதில் அலெக்சாந்தரின் குதிரை காயப்பட்டு, அவர் கீழே விழுந்து மெய்க்காவலரால் காப்பாற்றப்படுகிறார். பிற்காலத்து ‘அலெக்சாந்தர் காதை’ என்னும் கற்பனைக் கதையில் அலெக்சாந்தர் தனிப்போரில் போரசைக் கொன்றே விடுகிறார். உண்மையில் போரஸ் உயிருடன் இருந்து, முன்பைவிடப் பெரிய நிலப்பரப்பை ஆண்டார் என்பதில் வரலாற்று நூல்கள் ஒத்துப்போகின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். இந்தத் தனிப்போரை அரிஸ்டோபுலஸ் எழுதி மன்னருக்குப் படித்துக் காட்டினாராம். ஆற்றில் படகில் சென்றுகொண்டிருந்த அலெக்சாந்தர் அப்பொய்ப் புகழ்ச்சியைக் கேட்டுச் சினந்து நூலைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்து, உன்னையும் இப்படித்தான் எறிய வேண்டும் என்றாராம். பொய்யை வெறுக்கும் மன்னரைக் காட்டும் இக்கதையே ஐயத்துக்குரியது. அரிஸ்டோபுலஸ் தம் வரலாற்றை 84-ஆம் வயதில்தான் தொடங்கினார் என்று வேறொரு குறிப்பு உள்ளது. அவர் மன்னர் இறந்த பின் எழுதினார் என்று அரியனும் சொல்கிறார். தண்ணீரில் எறிவதற்கு அன்று அந்த நூல் இருந்திருக்கவே முடியாது.

போரில் வென்றவர் போரஸ் என்ற கருத்து இந்திய இணையவெளியில் அடிக்கடி பகிரப்படுகிறது. பண்டை வரலாற்று நூல் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. கிரேக்கர் தோல்வியை மறைத்திருப்பார்கள் என்ற வாதம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. வெற்றியாளர் எழுத்தை ஐயுறுவது சரியே. ஆனால் மௌனத்திலிருந்து ஒரு வெற்றியை உருவாக்குவதற்கும் சான்று வேண்டும். யானை மேல் இருக்கும் இருவரைக் குதிரைவீரன் ஈட்டியால் தாக்கும் காட்சி பொறித்த பெரிய வெள்ளி நாணயங்கள் சில கிடைத்துள்ளன. அவற்றின் மறுபக்கத்தில் இடி ஆயுதம் ஏந்தி நிற்கும் உருவத்துக்கு வெற்றித் தேவதை முடிசூட்டுகிறது. அவை அலெக்சாந்தரின் காலத்தை ஒட்டியவை என்றே கருதப்படுகின்றன. அவையும் அவர் தரப்பின் விளம்பரம்தான். ஆயினும் யானைப் படையுடனான மோதல் அன்றே எவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. தோல்வியுற்ற எதிரியிடம் நாட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பெருந்தன்மை ஒன்றால் மட்டும் நடந்திருக்காது. பஞ்சாபை நேரடியாக ஆள அலெக்சாந்தரிடம் ஆள் போதவில்லை என்ற விளக்கம், கிரேக்க நூல்களைப் பொய் என்று தள்ளாமலேயே கிடைக்கிறது.

இறப்பு

அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்தார். அரசவை நாட்குறிப்பு என்ற பெயரில் வழங்கிய ஆவணத்தை அரியனும் புளூட்டாக்கும் சுருக்கித் தருகின்றனர்: விருந்து, காய்ச்சல், நீராடல், பலி, மேலும் காய்ச்சல், பேச்சிழத்தல். அது உண்மையான அரசவை ஆவணமா, பின்னர் புனையப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. நஞ்சு வைத்துக் கொன்றனர் என்ற வதந்தி அன்றைய அரசியல் சண்டையில் வளர்ந்தது. மாசிடோனியாவின் பொறுப்பிலிருந்த ஆன்டிபேட்டர் குடும்பத்தின் மீது அந்தப் பழி சுமத்தப்பட்டது. இறந்த காலத்தில் யாரும் அப்படி ஐயப்படவில்லை, சில ஆண்டுகள் கழித்தே பேச்சு கிளம்பியது என்கிறார் புளூட்டாக். சுமத்தியவர்கள் அக்குடும்பத்தின் எதிரிகள் என்பதால் அக்குறிப்பு கவனிக்கத்தக்கது.

இறந்த நாளிலும் வேறுபாடு உண்டு. மாசிடோனிய நாள்காட்டியின் டைசியோஸ் மாதம் 28 என்கிறது அரசவை நாட்குறிப்பு. 30 என்கிறார் அரிஸ்டோபுலஸ். பாபிலோன் வானியல் பலகையில் மாதத்தின் 29-ஆம் நாளில் மன்னர் இறந்தார் என்ற சிறு குறிப்பு உள்ளது. வானம் மேகமூட்டமாக இருந்தது என்பதும் உடன் பதிவாகியிருக்கிறது. அது கி.மு. 323 ஜூன் 11-ஐக் குறிக்கும். மாதத்துக்கு 29 நாள்களே இருந்தாலும் கடைசி நாளை ‘முப்பதாம் நாள்’ என்று அழைப்பது கிரேக்க வழக்கம். அதன்படி பார்த்தால் அரிஸ்டோபுலசும் பாபிலோன் எழுத்தரும் ஒரே நாளையே சொல்கின்றனர். மன்னரைப் புகழ்வதில் தாராளமானவர் என்று ஐயுறப்படும் முதியவர், நாளைச் சரியாகக் குறித்திருக்கிறார்.

தாம் இறந்தபின் கைகள் இரண்டும் சவப்பெட்டிக்கு வெளியே தெரியும்படி கொண்டுசெல்ல வேண்டும், வெறுங்கையோடு போவதை உலகம் பார்க்க வேண்டும் என்று அலெக்சாந்தர் கேட்டுக்கொண்டதாகத் தமிழில் மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லப்படும் கதை, மேற்கண்ட ஐந்து நூல்களில் எதிலும் இல்லை. இறுதி ஊர்வலத்தைப் பற்றி டியோடோரஸ் தம் 18-ஆம் நூலில் நீண்ட வருணனை தருகிறார். உடலின் அளவுக்கு அடித்துச் செய்த தங்கப் பேழை, அதில் நிரப்பிய நறுமணப் பொருள்கள், அதன்மேல் பொருத்தமாகப் பதிந்த தங்க மூடி, 64 கோவேறு கழுதைகள் இழுத்த வண்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்த மூடி மூடப்பட்டிருந்தது.